வாசற்சுவரில் ஒரு மஞ்சள் கட்டம்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு இடது பக்கம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கட்டம் வரைந்திருக்கும். கட்டத்துக்கு நடுவே ஓர் ஆணி. வேறொன்றும் இல்லை. வெள்ளையடித்த சுவரில் அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போகமாட்டார்கள். கரண்டு கணக்கெடுக்க வந்தவர், "இங்க எதுனா பாயிண்ட் வைக்கணுமாம்மா?" என்று கேட்டார். மருமகள் கல்யாணமான புதிதில் அந்த ஆணியில் காலண்டரை மாட்டிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் காலண்டரைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார். அவள் பயந்துபோய் என்னிடம் வந்து, "அத்தே, அது எதுனா சாமி சமாச்சாரமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியும் இல்லை, வாஸ்துவும் இல்லை, அது ட்ரெயினிங் சார் சமாச்சாரம் என்றேன். யார் அந்த சார் என்று கேட்டதற்கு அன்று பாதிதான் சொன்னேன், அடுப்பில் பால் இருந்தது. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழிந்த சமயம். நாங்கள் இருவரும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை, பின்பக்கம் களிமண் குவியல், ஒரு மூலையில் சூளை. விருத்தாசலத்தில் இப்படி நிறைய உண்டு. சிலர் பொம்மை செய்வார்கள், சிலர் ஊறுகாய் ஜாடி. நாங்கள் பீஸ் கட்டை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று பீங்கானில் இருக்குமே, கரண்டு போனால் பிடுங்கிக் கம்பி சுற்றி மறுபடியும் சொருகுவார்களே, அதேதான். மண்ணை மிஷினில் அழுத்தி அச்செடுப்பது ஒரு பகுதி. காய்ந்த கட்டையின் ஓரத்துப் பிசிறைத் தட்டித் துடைப்பது எங்கள் பகுதி, முழுக்கப் பெண்கள். அதற்கப்புறம் பளபளப்புக்கு மருந்தில் முக்கி, சூளையில் அடுக்கி, வெந்து ஆறியபின் இறக்கி, நல்லது கெட்டது பிரித்து, அட்டைப்பெட்டியில் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். சூளை என் வீட்டுக்காரர் பொறுப்பு. எல்லோரும் அவரைச் சூளை மேஸ்திரி என்பார்கள். கோபம் வந்தால் வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

முதலாளி நல்லூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துக்காரர். மனசு தங்கம்தான், அதில் சந்தேகமில்லை. தீபாவளிக்குத் தன் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும்போது எங்கள் பிள்ளைகளுக்கும் எடுப்பார். ஆனால் லாரி வந்து நிற்கும் லோடு நாளில் ஒரு பெட்டி குறைந்துவிட்டால் அந்த மனுஷரைக் கண்கொண்டு பார்க்க முடியாது. முகம் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே கத்துவார். அந்தச் சமயத்தில் யாராவது ஒருத்தி எங்கிருந்தோ ஒரு கூடைக் கட்டையைக் கொண்டுவந்து, "இந்தாங்க மொதலாளி, தனியா கெடந்துச்சு" என்று வைத்துவிட்டால் போதும், அவ்வளவு கோபமும் இறங்கிவிடும். "பாத்தியா, இவ கெட்டிக்காரி" என்பார் எல்லோர் முன்னாலும். அந்த ஒரு பாராட்டுக்காக நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரி ஆகக் கற்றுக்கொண்டோம்.

அதற்கு எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு, கைச்சரக்கு. ஒவ்வொரு பகுதியும் தன் கையில் வருகிற நல்ல கட்டையிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி, யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ளும். திடீரென்று குறைந்தால் எடுத்து நீட்டலாம், திட்டு வாங்காமல் தப்பலாம். எங்கள் பகுதியிலும் இருந்தது, இல்லையென்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். எங்களுடையது வேகாத பச்சைக் கட்டை, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் இருக்கும். பேக்கிங் பெண்களுடையது வெந்த கட்டை, அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவர்களுக்குத் தெரியாது. இதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. கம்பெனிச் சரக்கு கம்பெனிக்குள்ளேதானே இருக்கிறது, லாரிக்குத்தானே போகப்போகிறது. வீட்டில் அரிசிப்பானைக்கு அடியில் ஒரு பிடி ஒதுக்கி வைக்கிற பழக்கம்தான் அங்கேயும்.

இதனால் வந்த வினை என் வீட்டுக்காரர் தலையில் விடிந்தது. சூளையில் அடுக்கும்போது எண்ணி அடுக்குவார். வெந்து இறக்கிப் பிரித்துப் பெட்டியில் கட்டும்போது எண்ணினால் குறையும். உடைந்தது, வெடித்தது எல்லாம் கழித்தால்கூடக் கணக்கு இடிக்கும். முதலில் முதலாளி, "தீ சரியா போடலியா மேஸ்திரி?" என்று கேட்டார். அப்புறம் கேள்வியின் தொனி மாறியது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் நம் கட்டை மாதிரியே பெட்டி இல்லாமல் தனியாக விற்கிறது என்று யாரோ டீக்கடையில் கிளப்பிவிட்டார்கள். யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளை நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு சூளை பாப்பேன். அதுக்கும் கொறைஞ்சா நீ வேற எடம் பாத்துக்க மேஸ்திரி. நான் எதுவும் சொல்லல, நீயே புரிஞ்சுக்க."

நீயே புரிந்துகொள் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன், பிசைந்துகொண்டே இருந்தார். வேலை போனால் போகட்டும், உடம்பில் தெம்பிருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் இந்த ஊரில் எந்தச் சூளையிலும் நிற்க முடியாது. இத்தனை கம்பெனி இருந்தும் ஊர் சின்னது. "நான் எடுக்கலன்னு ஒனக்குத் தெரியுமில்ல?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடமே கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ட்ரெயினிங் சார் வந்தார். பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் சில சேர்ந்து மனுப் போட்டால், வேலையை ஒழுங்குபடுத்திக் கொடுக்க ஓர் ஆளை அரசாங்கச் செலவில் அனுப்புவார்களாம், செலவில் ஒரு பங்குதான் கம்பெனி கொடுக்க வேண்டுமாம். முதலாளிகள் சங்கத்தில் சொன்னார்கள் என்று முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். லீன் பயிற்சி என்று பெயர். லீன் என்றால் ஒல்லி என்று எங்கள் பகுதியில் பத்தாவது படித்த பெண் ஒருத்தி சொன்னாள். ஒல்லியாக்கப் போகிறார்கள் என்றால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம். முதலில் போகப்போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எல்லோருடைய கண்ணும் என் வீட்டுக்காரர் பக்கம் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிசிறு தட்டினேன்.

ஆள் கோயம்புத்தூர்க்காரர். ஒல்லியும் இல்லை, தொப்பை போட்டவர். அரைக்கை சட்டை, பையில் ஒரு குடை, சர்க்கரை போடாத டீ. முன்பு பம்பு செய்கிற ஃபவுண்டரியில் வேலை பார்த்தவராம். வந்த முதல் நாள் பாடம் நடத்துவார் என்று பெஞ்சு எல்லாம் போட்டு வைத்தோம். மனுஷர் பெஞ்சுப் பக்கமே வரவில்லை. கொட்டகைக்கு நடுவே ஓரிடத்தில் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. கறுப்பு ஷூ மண் படிந்து வெள்ளையாகிவிட்டது. "யாருடி இது, வாடகைக்கு வந்த அய்யனாரா?" என்று நான் சொல்ல, எங்கள் பகுதி முழுக்கச் சிரித்தது. அவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பி, "அய்யனாருன்னா குதிரை வேணுமுங்களே" என்றார். அதோடு எங்களுக்கு அவர்மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

அடுத்த நாள் ஒரு பெரிய சணல் கயிற்று உருண்டையோடு வந்தார். அச்சு மிஷினில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, ஒரு பலகை நிறைய அடுக்கிய கட்டை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கயிற்றை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தார். மிஷினிலிருந்து காயவைக்கும் இடம், அங்கிருந்து எங்களிடம், எங்களிடமிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மருந்துத் தொட்டி, திரும்பவும் வந்த வழியே பாதி தூரம், அப்புறம் சூளை. பேக்கிங் வந்து சேர்வதற்குள் கொட்டகை முழுக்கக் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடி, காலை எடுத்து வைக்க இடமில்லை. டீ கொண்டுவந்தவர் தடுக்கி விழப் பார்த்தார். சார் எங்களைக் கூப்பிட்டு, "இதுல எவ்வளவு தூரம் கட்டைக்காக நடக்கறீங்க, எவ்வளவு தூரம் சும்மா நடக்கறீங்க, நீங்களே பாருங்க" என்றார். நாங்கள் பார்த்தோம். ராத்திரியில் எனக்கு ஏன் அப்படி இடுப்பு நோகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வைத்தியர் வாயு என்று சொன்னதெல்லாம் காற்றோடு போனது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. காயவைக்கும் பலகைகள் எங்கள் பக்கத்துக்கு வந்தன. தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்குப் போனது. எங்கள் டிரம்மும் அதோடு நகர, சாக்குக்கு அடியில் இருந்த கைச்சரக்கை அவசர அவசரமாக வேறிடம் மாற்றினோம். தேவையில்லாத சாமான் எதுவோ அதில் சிவப்புச் சீட்டு கட்டச் சொன்னார். உடைந்த அச்சு, துருப்பிடித்த தட்டு, யாருக்கும் எதற்கென்றே தெரியாத ஒரு மோட்டார், எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு ஆடியது. அச்சுக் குவியலை அள்ளியபோது அடியில் ஒரு சாரைப்பாம்பு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அன்று மட்டும் வேலை அரை நாள் நின்றது. ஆனால் மூச்சு விட இடம் கிடைத்தது. கட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பது குறைந்ததால் கைதவறி உடைவதும் குறைந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்துபோகிற பெண் ஒருத்தி, வழக்கமாகக் கடைசி பஸ்ஸில் தொங்குகிறவள், வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர ஆரம்பித்தாள். ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒல்லியாக்க வந்தது ஆளை இல்லை, வீண் நடையை என்று புரிந்துகொண்டோம்.

இவ்வளவு நடந்தும் சூளைக் குறை மட்டும் தீரவில்லை. முதலாளி கெடு வைத்த இரண்டு சூளையில் ஒன்று போய்விட்டது, அதுவும் குறைந்தது. மிச்சம் ஒன்றுதான். அந்த வாரத்தில் ஒரு நாள் பேக்கிங் மூலையில் கிடந்த கிழிந்த சாக்குகளுக்குச் சிவப்புச் சீட்டு கட்ட சார் போனார். அங்கிருந்த இரண்டு பெண்களும் வழியை மறித்துக்கொண்டு, "அத நாங்களே பாத்துக்கறோம் சார்" என்றார்கள். அவர் சரி சரி என்று சொல்லிக்கொண்டே ஒரு சாக்கின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். நான் பலகை கொடுக்க வந்து பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே வெள்ளையாகப் பளபளவென்று கட்டைகள். அந்தப் பெண்களின் முகத்தில் ஈயாடவில்லை. சார் சாக்கை முன்பிருந்த மாதிரியே மூடினார், சிவப்புச் சீட்டைப் பக்கத்தில் கிடந்த உடைந்த நாற்காலியில் கட்டினார், போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்காரர் பெயர் கெட்டுக் கிடக்கிறது, கண்ணால் பார்த்த மனுஷர் மூடிவைத்துவிட்டுப் போகிறாரே என்று பின்னாலேயே ஓடினேன்.

"சார், பாத்தீங்கல்ல? மொதலாளிகிட்ட சொல்லுங்க சார்" என்றேன். அவர் நின்றார். "சொன்னா ரெண்டு பேரு மாட்டுவாங்க. மத்தவங்க இன்னும் ஆழமா ஒளிச்சு வைப்பாங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரருக்கு என்னங்க லாபம்?" என்றார். "உங்க பக்கத்துல எங்க இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "குறை தெரியக்கூடாதுன்னு எல்லாரும் ரொம்ப அக்கறையா பாத்துக்கறீங்க. அதனாலதான் குறை எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியலை. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனார்.

அறையில் என்ன பேசினார்கள் என்பதைப் பின்னால் முதலாளியே சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் கைச்சரக்கை வெளியே கொண்டுவரப் போகிறார்கள், யாரையும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, கேட்பதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுகிறேன் என்றாராம். முதலாளி துள்ளிக் குதித்திருக்கிறார். என் கம்பெனியில் என் சரக்கை ஒளித்துவைத்தவர்களை நான் கேட்கக்கூடாதா என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. கடைசியில் வெளியே வந்து, சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, "ஒருத்தரையும் கேக்க மாட்டேன். சத்தியம்" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் கடைசிச் சூளையைப் பிரித்து இறக்கினார்கள். அதுவும் குறைந்தது. என் வீட்டுக்காரர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சூளை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் சார் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்து, கொட்டகைக்கு நடுவே தரையில் பெரிய கட்டமாக வரைந்தார். "எதுவா இருந்தாலும் இதுக்குள்ள வைங்க. யாரு வச்சதுன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். யாரும் நகரவில்லை. நான் எழுந்துபோய் எங்கள் பச்சைக் கட்டையைக் கூடையோடு தூக்கிவந்து கட்டத்தில் வைத்தேன். "ஆத்தர அவசரத்துக்கு ஆவட்டுமேன்னு வச்சோம் சார்" என்றேன். "நல்லதுங்க, இங்க வைங்க" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பேக்கிங் பெண்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரித்தெடுக்கும் பகுதியிலிருந்து மூன்று டின். அச்சு மிஷின்காரர் மண் குவியலைத் தோண்டி ஒரு பெட்டி எடுத்தார். சிமெண்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து, உடுப்பு மாற்றும் அறையின் மேல்தட்டிலிருந்து, பிள்ளையார் மாடத்துக்கு அடியிலிருந்துகூட வந்தது. பிள்ளையாருக்கே கைச்சரக்கா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒவ்வொருத்தரும் வைக்கும்போது அதையேதான் சொன்னார்கள், ஆத்தர அவசரத்துக்கு ஆவட்டுமேன்னு. சாரும் ஒவ்வொருத்தருக்கும் அதையேதான் சொன்னார், நல்லதுங்க, இங்க வைங்க. முதலாளி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ மென்றாரே தவிர, சத்தியத்தை மீறவில்லை.

வெந்த கட்டையைத் தனியாகப் பிரித்து எண்ணினார்கள். இத்தனை சூளையிலும் சேர்ந்த குறையில் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தது. ஆனால் முழுசாக நேராகவில்லை. இன்னும் ஒரு நல்ல பங்கு எங்கே போனது என்று தெரியவில்லை. அப்போதுதான் முதலாளி வாயைத் திறந்தார். "இதெல்லாம் சரி. மீதி எங்க? நான் யாரையும் கேக்கல. ஆனா மீதி எங்க?" என்றார். கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சூளைப் பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கையில் ஒன்றுமில்லாமல், வைப்பதற்கு ஒரு கட்டைகூட இல்லாமல் அந்த மஞ்சள் கட்டத்துக்கு எதிரே அவர் நின்றது இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது, அவரிடம் மட்டும் இல்லை. அதுவே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

கூட்டத்துக்கு முதலாளியின் வீட்டம்மா சுண்டல் செய்து எடுத்துவந்திருந்தார்கள். கம்பெனி விஷயத்தில் தலையிடாத அம்மா. வாழையிலைத் துண்டில் சுண்டலை வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், கட்டத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்து நின்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, வெகு சாதாரணமாக, "ஏங்க, நம்ம வூட்டுப் பரண்ல மூட்ட மூட்டயா இருக்குதே, அதுவும் இதுதானே? நவராத்திரிக்குக் கொலு சாமான் வைக்க எடமில்லன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஆட்டோவுல எடுத்தாரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. விஷயம் இதுதான். கொட்டகைச் சாவி அவரிடம் மட்டுமே இருக்கும். தினமும் விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன்னால் வந்து திறந்து பிள்ளையாருக்கு விளக்கேற்றுவார். சூளை பிரிக்கிற அன்று, சூளை வாசல் ஓரத்தில் கைக்கெட்டுகிற வரிசையிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு கூடை எடுத்துத் தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொள்வார். தன் சரக்கு, தன் வீடு, ஒரு கூடைதானே என்ற நினைப்பு. குறை வந்தபோது அந்தக் கூடை அவர் நினைப்பிலேயே இல்லை என்று நான் நம்புகிறேன். நாங்கள் யாராவது எங்கள் கூடையைக் குறை என்று நினைத்தோமா?

ஆட்டோ போய்வந்தது. மூட்டைகளை இறக்க ஆள் ஓடியபோது, முதலாளி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து கட்டத்தில் வைத்தார். கடைசி மூட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் சாரைப் பார்த்து, "ஆத்தர அவசரத்துக்கு ஆவட்டுமேன்னு..." என்றார், மேற்கொண்டு வரவில்லை. சார் எங்களிடம் எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், ஒரு மாற்றுக் குறையாமல், "நல்லதுங்க, இங்க வைங்க" என்றார். எண்ணிப் பார்த்தார்கள். மீதி சரியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சூளைக்குப் பின்பக்கம் போனார். நான் போகவில்லை, அவர் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலாளி அன்று அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆறவே இல்லை. எல்லோர் முன்னாலும் நீயே புரிந்துகொள் என்று சொல்லத் தெரிந்ததே, எல்லோர் முன்னாலும் தப்புத்தான் என்று சொல்ல வாய் வரவில்லையே என்று வீடு வந்தும் புலம்பினேன். மறுநாள் பொழுது விடியும் முன் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். முதலாளி வண்டியை விட்டு இறங்காமல் நின்றார். காபி சாப்பிடுங்கள் என்று கூப்பிடக்கூட எனக்கு மனசு வரவில்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "இனிமே நீ போயி தொற மேஸ்திரி. வெளக்கும் நீயே ஏத்து. நான் எல்லாரும் வந்தப்பறம் வரேன்." இவர் வாங்கவில்லை. "கொறைஞ்சா மொதலாளி?" என்றார். முதலாளி நீட்டிய கையை மடக்கவில்லை. "கொறைஞ்சா கொறைஞ்சுதுன்னு சொல்லு. எங்க தப்புன்னு சேந்து பாப்போம்" என்றார். அப்புறம்தான் இவர் கை நீட்டினார். நான் உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தேன்.

இவர் பயந்தபடியே அதற்கப்புறமும் குறைந்தது, நின்றுவிடவில்லை. ஆனால் மறைக்க யாரும் இல்லாததால் எங்கே குறைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. மேற்குச் சுவரோரப் பலகைகளில் காய்கிற கட்டைகள்தான் சூளையில் அதிகம் வெடிக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள், அங்கே ஈரம் இறங்கியிருந்தது. பலகையை இடம் மாற்றியதும் பெரும்பாலும் சரியாயிற்று. அடுக்குவதில் தன் பக்கமும் கொஞ்சம் தப்பு இருந்தது என்று என் வீட்டுக்காரரே சொன்னார். திட்டு விழாது என்று தெரிந்தபின் அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இல்லை. கைச்சரக்கை சார் ஒழிக்கவில்லை. "கொஞ்சம் கையில இருக்கட்டும், தப்பில்லைங்க. ஆனா நடுவுல இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்று அந்த மஞ்சள் கட்டத்தையே அதற்கு ஒதுக்கிவிட்டார். கட்டம் நிறைந்தால் போதும் என்று அர்த்தம். காலியானால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம், போய்ப் பார்க்க வேண்டும். லோடு நாளில் முதலாளி முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார். பிறகு ஒரு பெண்ணையும் அவர் கெட்டிக்காரி என்று சொல்லி நான் கேட்கவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை.

மிஞ்சிய பெயிண்டை என் வீட்டுக்காரர் ஒரு சிரட்டையில் வாங்கிவந்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் இந்தக் கட்டத்தை வரைந்து ஆணி அடித்தார். சாவிக்கு ஓரிடம் வேண்டுமாம். நான் கேலி செய்தேன், ட்ரெயினிங் சார் உங்கள் உடம்பில் ஏறிவிட்டார் என்றேன். பயிற்சி முடிந்து சார் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மீன்குழம்பு வைத்திருந்தேன். சமையலறையைப் பார்த்து இதிலும் கயிறு கட்டுவாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். அவர் வேறெதையும் பார்க்கவில்லை. கைகழுவ எழுந்தவர் கட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். சாவி அப்போது என் வீட்டுக்காரர் மடியில் இருந்தது, ஆணி காலி. "இது காலியா இருந்தா என்னங்க அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார், வகுப்பில் கேட்கிற மாதிரி. நான் யோசிக்கவே இல்லை. "மேஸ்திரி சூளைக்குப் போயிருக்காருன்னு அர்த்தம் சார்" என்றேன். மனுஷர் ரசித்துச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. வேறு ஏதோ ஊருக்குப் போட்டார்கள் என்று சொன்னார்கள். கம்பெனியை இப்போது முதலாளியின் மகன் பார்க்கிறார். எண்ணெய்ச் சூளை போய் கேஸ் சூளை வந்துவிட்டது. பூட்டும் சாவியும் எத்தனையோ தரம் மாறியாயிற்று, ஆனால் சாவி இன்றும் என் வீட்டுக்காரரிடம்தான். பெரியவர் எப்போதாவது வருவார், நடுவில் இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டம்மா இப்போதும் நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடுவார். பரணைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டுவார். என் வீட்டுக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போதும், வீட்டில் இருங்கள் என்று எங்கள் மகன் சொன்னால் காதில் வாங்குவதில்லை. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது கட்டத்தை மட்டும் தானே புதுசாக வரைவார். பழைய கோட்டின் மேலேயே, கை நடுங்காமல்.

மருமகளுக்குப் பாதி சொன்னேன் என்றேனே, மீதியை நேற்று ராத்திரி சொல்லி முடித்தேன். இன்று காலை நான் எழுந்து கோலம் போட வாசலுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்னால் எழுந்து கதவுப் பக்கம் நின்றிருந்தாள். ஆணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா சூளைக்குப் போயிட்டாங்க அத்தே" என்றாள்.

கட்டம் காலியாக இருந்தது.